காடு திரும்ப வேண்டுமானால் கன்று நடுவதைக் கடைசியில் வையுங்கள்

மழைக்காலம் நெருங்கினால் ஊர்தோறும் கன்று நடும் ஏற்பாடுகள் தொடங்கிவிடும். பஞ்சாயத்து, பள்ளிக்கூடம், இளைஞர் மன்றம் என்று எல்லோரும் வருவார்கள். ஆயிரம் கன்று, ஐயாயிரம் கன்று என்று நடுவார்கள். அடுத்த சித்திரையில் அதே கரட்டுப் பக்கம் போய்ப் பார்த்தால் காய்ந்த குச்சிகளும் கிழிந்த பாலித்தீன் பைகளும்தான் கிடக்கும். நட்டவர்களின் அக்கறையில் குறையில்லை. கடைசியில் செய்ய வேண்டிய வேலையை அவர்கள் முதலில் செய்துவிட்டார்கள்.

ஒரு கரடோ ஓடைக்கரையோ புறம்போக்கோ மொட்டையாகக் கிடக்கிறதென்றால், முளைத்து வருவதை அங்கே ஏதோ ஒன்று அழித்துக்கொண்டே இருக்கிறது என்று பொருள். மேய்ச்சலாக இருக்கலாம், ஆண்டுதோறும் வைக்கும் தீயாக இருக்கலாம், விறகு வெட்டாக இருக்கலாம். மேல்மண் அடித்துப் போயிருக்கலாம். உண்ணிச்செடி மூடியிருக்கலாம். விதை தர ஒரு தாய்மரம்கூடப் பக்கத்தில் மிஞ்சாமல் போயிருக்கலாம். அந்தத் தடையைக் கண்டுபிடித்து விலக்குவதும், அந்த நிலத்தை நம்பிப் பிழைப்பவர்களோடு உடன்பாட்டுக்கு வருவதும்தான் காடு மீட்பில் பெரும்பகுதி வேலை. அவை முடிந்தால் பல இடங்களில் நடவுக்கே அவசியம் இருக்காது.

தமிழ்நாட்டின் வறண்ட அடிவாரங்களிலும் சமவெளிகளிலும் இந்த வேலையில் இறங்க நினைக்கும் ஊராட்சிகள், வனக்குழுக்கள், இளைஞர்கள், விவசாயிகள் ஆகியோருக்கு என் ஆலோசனைகள் இவை.

1. அது காடாக இருந்த இடம்தானா?

மரமில்லாத நிலமெல்லாம் சீரழிந்த காடு என்று எண்ணிவிடாதீர்கள். நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காடுகளுக்கு இடையே இருந்த புல்வெளிகளை வெறும் தரிசு என்று நினைத்து, சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் நட்டார்கள். அந்தப் புல்வெளிகள்தான் மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தன. இன்று சீகையை அகற்றிப் புல்லை மீட்கப் பெரும்பாடு படவேண்டியிருக்கிறது.

காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டைப் பாருங்கள். கீழே கொழுக்கட்டைப் புல், மேலே ஆங்காங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. தலைமுறைகளாக மாட்டையும் மண்ணையும் சேர்த்துக் காத்துவரும் நிலம் அது. அங்கே நெருக்கமாக மரம் வைத்தால் புல்லும் போகும், மாடும் போகும்.

ஆகவே முதலில் ஊரின் முதியவர்களிடம் கேளுங்கள். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, என்ன பழம் பறித்தார்கள், எந்த மரத்தில் ஏர் செய்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, பக்கத்திலுள்ள கோயில்காட்டுக்குப் போங்கள். புதுச்சேரியை ஒட்டிய புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு போன்ற இடங்களில்தான் சோழமண்டலக் கரையின் பழைய உலர் பசுமைமாறாக் காடு மிஞ்சியிருக்கிறது. உங்கள் வட்டாரத்துக் கோயில்காட்டில் நிற்கும் மரம், புதர், கொடிகளின் பட்டியலே உங்கள் வேலைக்கு வழிகாட்டி.

2. தடையைக் கண்டுபிடியுங்கள்

பங்குனியில் ஒருமுறை, நல்ல மழை பெய்த சில வாரங்களில் ஒருமுறை, நிலத்தை முழுதாக நடந்து பாருங்கள். ஆடு மேய்ப்பவர் ஒருவரையும் விறகு பொறுக்கும் பெண் ஒருவரையும் கட்டாயம் கூட்டிக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த நிலத்தை வேறு யாருக்கும் தெரியாது. கீழ்க்காணும் அடையாளங்களைக் கவனியுங்கள்.

- முளைகள் நிறைய இருந்தும் எல்லாம் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை, நுனிகள் கடிபட்டிருக்கின்றன என்றால் தடை மேய்ச்சல்.
- அடிமரம் கருகியிருக்கிறது, புதரெல்லாம் ஒரே வயதில் இருக்கிறது என்றால் தடை தீ.
- வேர்கள் வெளியே தெரிகின்றன, மழைநீர் ஓடி மண்ணில் பள்ளம் பறித்திருக்கிறது என்றால் தடை மண் அரிப்பு.
- அடிக்கட்டைகள் உயிரோடு துளிர்க்கின்றன, ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அரிவாள் வெட்டுத் தழும்பு தெரிகிறது என்றால் தடை விறகுத் தேவை.
- மேய்ச்சலும் இல்லை, தீயும் இல்லை, ஆனாலும் முளையே கிடையாது என்றால் விதை வந்து சேரவில்லை. நடவு தேவைப்படுவது பெரும்பாலும் இந்த ஐந்தாவது வகை நிலத்துக்குத்தான்.

3. ஆட்டுக்காரர் வீட்டுக்கு முதலில் போங்கள்

சண்டிகர் நகரின் சுக்னா ஏரி 1958-இல் கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே வண்டல் சேர்ந்து ஏரி தூர்ந்துபோகத் தொடங்கியது. அந்த மண் எங்கிருந்து வருகிறது என்று 1970-களில் தேடிப் போனவர்கள், சிவாலிக் அடிவாரத்தில் சுகோமாஜ்ரி என்ற சிற்றூரின் மொட்டைக் குன்றுக்கு வந்து சேர்ந்தார்கள். மண், நீர் பாதுகாப்பு ஆய்வு மையத்தைச் சேர்ந்த பி.ஆர். மிஸ்ராவும் அவர் குழுவும் குன்றில் அகழி வெட்டினார்கள், கன்று நட்டார்கள். ஊர் ஆடுகள் மேய்ந்து தீர்த்தன. ஊராரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் குன்றை விட்டால் அவர்களுக்கு வேறு மேய்ச்சல் இல்லை.

பிறகு ஒரு சிறு மண் அணை கட்டி மழைநீரைத் தேக்கினார்கள். அந்த நீர் வயலுக்கு வந்தால் பயிர் விளையும், தீவனமும் கிடைக்கும். அதற்கு ஈடாகக் குன்றில் மேய்ப்பதில்லை என்று ஊர் முடிவு செய்தது. நிலமில்லாத குடும்பத்துக்கும் நீரில் சம பங்கு என்று வைத்தார்கள். அந்த ஏற்பாட்டில்தான் எல்லாம் நின்றது. ஆடுகள் குறைந்து எருமைகள் பெருகின. குன்றில் புல் வந்தது, பின்னால் மரம் வந்தது. கம்பிவேலி எதுவும் போடவில்லை.

மேற்கு வங்கத்தின் அராபரியிலும் இதே பாடம்தான். 1972-இல் அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி, சுமார் 1,270 ஹெக்டேர் சீரழிந்த சால் காட்டைக் காக்க முன்வரும் கிராமத்தாருக்கு மர விற்பனையில் 25 சதவீதம் பங்கு தருவதாக உறுதி சொன்னார். காவலுக்கு ஊரே நின்றது, வெட்டுப்பட்ட அடிக்கட்டைகளிலிருந்து காடு எழுந்தது. 1990-இல் மத்திய அரசு கூட்டு வன மேலாண்மையை நாடு முழுவதற்கும் பரிந்துரைத்ததற்கு அராபரி முன்மாதிரியாக இருந்தது.

உங்கள் ஊரில் நீங்கள் செய்ய வேண்டியவை:

- நிலத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு குடும்பத்தையும் பட்டியலிடுங்கள். யாருக்கு எத்தனை ஆடு, யார் விறகு எடுக்கிறார், யார் கடுக்காயோ நெல்லியோ சீமாற்றுப் புல்லோ சேகரிக்கிறார் என்று குறியுங்கள். கூட்டத்துக்கு வராதவர் வீட்டுக்கு நீங்கள் போங்கள்.
- முழு நிலத்தையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள். மூன்றாகப் பிரித்து ஒரு பகுதியை மட்டும் மூடுங்கள். மற்ற இரண்டும் மேய்ச்சலுக்குத் திறந்திருக்கட்டும். மூடிய பகுதியில் கன்றுகள் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வந்தபின் அடுத்ததை மூடலாம்.
- மூடிய பகுதியில் புல்லை அறுத்துச் சுமந்து போக அனுமதியுங்கள். முதலாண்டிலேயே ஊருக்குக் கிடைக்கும் பயன் அதுதான்.
- யாருக்கு என்ன பங்கு, மீறினால் என்ன தண்டம், பொறுப்பு யாருடையது என்பதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். பெண்களின் கையெழுத்தும் இருக்கட்டும்.

நிலம் யாருடையது என்பதையும் முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். காப்புக்காட்டில் வனத்துறையின் அனுமதியில்லாமல் ஒரு குழிகூட வெட்டக்கூடாது. மேய்க்கால் புறம்போக்கு என்றால் ஊராட்சியும் வருவாய்த் துறையும் வேண்டும். பரம்பரையாகக் காட்டை நம்பி வாழும் பழங்குடி மக்களுக்கும் பிற வனவாசிகளுக்கும், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தங்கள் சமூக வனத்தைக் காக்கவும் மீட்கவும் மேலாண்மை செய்யவும் உரிமை தருகிறது. அவர்கள் ஊரில் வேலை செய்ய நினைக்கும் வெளியார் முதலில் அவர்களுடைய கிராம சபையிடம் கேட்க வேண்டும்.

4. உச்சியிலிருந்து மழைநீரை நிறுத்துங்கள்

1968-இல் புதுச்சேரிக்கு அருகே ஆரோவில் தொடங்கியபோது அது அமைந்த மேட்டுநிலம் பெரும்பாலும் மரமில்லாத செம்மண் பொட்டலாக, மழைநீர் அறுத்த பள்ளங்களோடு கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் சிவப்பு நீர் கடலை நோக்கி ஓடியது. அங்கே குடியேறியவர்களும் சுற்றுக் கிராமத்துத் தொழிலாளர்களும் வரப்பு போட்டு நீரை நிலத்திலேயே நிறுத்தினார்கள். இன்று அங்கே நிற்கும் காட்டுக்கு அந்த மண்வேலைதான் அடித்தளம்.

வேலையை உச்சியில் தொடங்கி அடிவாரத்துக்கு இறங்குங்கள். கீழே தடுப்பணையைக் கட்டிவிட்டு மேலே விட்டுவிட்டால் இரண்டு மழையில் அணை தூர்ந்துவிடும். சரிவில் ஒரே மட்டத்தில் செல்லும் வரப்பும் அகழியும் வேண்டும். மட்டம் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. இரண்டு நீளக் கம்புகளை மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் வைத்து, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். சமதரையில் நூல் சட்டத்தைத் தொடும் இடத்தில் குறி போட்டுக்கொண்டால், சரிவில் இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கும்போது நூல் அதே குறியில் நிற்கும். அப்படியே ஒவ்வொரு அடியாகக் குறித்துக்கொண்டு போகலாம். ஓடும் பள்ளங்களில் கிடைக்கும் கல்லை அடுக்கிச் சிறு தடுப்புகள் போடுங்கள். அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் இந்த மண்வேலைகளைச் செய்ய முடியுமா என்று ஊராட்சியில் கேளுங்கள். கூலியும் ஊருக்கே வரும்.

5. உயிரோடிருக்கும் அடிக்கட்டைகளைத் தேடுங்கள்

ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் மராடி வட்டாரத்தில், 1980-களின் தொடக்கத்தில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் கன்று நட்டு நட்டுத் தோற்றுக்கொண்டிருந்தார். வயல்களில் புதர் என்று எல்லோரும் வெட்டித் தள்ளியவை உண்மையில் வெட்டுண்ட மரங்களின் துளிர்கள் என்பதைப் பிறகுதான் அவர் கண்டுகொண்டார். விவசாயிகள் அந்தத் துளிர்களில் சிலவற்றை விட்டு வைத்து வளர்த்தார்கள். இருபது ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின.

நம் கரடுகளிலும் உசிலை, ஆத்தி, வெப்பாலை, விராலி போன்றவற்றின் உயிருள்ள கட்டைகள் ஏராளம். அவற்றின் வேர் பல ஆண்டுகளாக ஆழம் போனது. புதிதாக நடும் கன்றை விட அவை வேகமாக வளரும், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். ஒவ்வொரு கட்டையிலும் நேராகவும் தடிப்பாகவும் இருக்கும் இரண்டு மூன்று துளிர்களை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழியுங்கள். கழித்தது ஊருக்கு விறகு. வைத்த துளிர்களில் ஒரு வண்ணத் துணியைக் கட்டிவிட்டால் இது காவலில் உள்ளது என்று எல்லோருக்கும் தெரியும்.

6. களையை எடுப்பதில் அவசரம் வேண்டாம்

உண்ணிச்செடியை மேலோடு வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சி.ஆர். பாபு குழுவினர் வகுத்த முறை எளிது. மண்ணுக்குள் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் மூலவேரை வெட்டி, செடியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். வேர்ப்பகுதி மண்ணைத் தொடாததால் மறுபடி பிடிக்காது. பூத்துக் காய்ப்பதற்கு முன் செய்துவிடுங்கள்.

சீமைக் கருவேலத்தைத் தூரோடு தோண்டி எடுக்காவிட்டால் மீண்டும் தழையும். அதன் நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தில் விதை வெகுதூரம் போகும். மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டுகள் காத்திருந்து முளைக்கும். அதனால் ஒரு முறை எடுத்து முடிகிற வேலையாக எண்ணாதீர்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் அந்த மரத்தின் கரிமூட்டத்தை நம்பி ஏழைக் குடும்பங்கள் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. எவ்வளவு இடத்தில் மறுபடி நாட்டு மரத்தை நிறுத்த முடியுமோ அவ்வளவு இடத்தில் மட்டும் எடுங்கள். மொத்தமாக எடுத்து வெறுமையாக விட்ட நிலத்தில் அடுத்த மழைக்கு அதே களைதான் முந்தி வரும்.

எடுத்த களையும் வருமானம் ஆகலாம். கர்நாடகத்தின் மலை மாதேஸ்வரா மலையில் சோளிகர் மக்கள் உண்ணிச்செடியில் நாற்காலியும் மேசையும் செய்கிறார்கள். கூடலூர் பகுதிப் பழங்குடிக் கலைஞர்கள் அதே செடியில் ஆளுயரத்தை மிஞ்சிய யானைச் சிற்பங்களை உருவாக்கினார்கள். அவை லண்டன் வரை போயின.

7. நடத்தான் வேண்டுமென்றால்

வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கும் மழைக்காட்டுத் துண்டுகளை, இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் அவர்கள் குழுவினரும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மீட்டுவருகிறார்கள். தோட்ட நிறுவனங்களோடு உடன்பாடு செய்துகொண்டு, களையை மெல்ல அகற்றி, சொந்த நாற்றங்காலில் அந்த மலைக்கே உரிய பலவகை மரங்களை வளர்த்து நடுகிறார்கள். பெருங்காட்டை ஒட்டிய இடங்களுக்குப் பறவையும் விலங்கும் விதை கொண்டுவரும். தனித்துப்போன துண்டுகளுக்குத்தான் மனிதக் கை கூடுதலாகத் தேவை. உங்கள் நடவுக் கன்றுகளையும் அந்த அளவுகோலில் பிரித்துக் கொடுங்கள்.

விதைக்குக் குறைந்தது பத்துப் பதினைந்து தாய்மரங்களிடம் போங்கள். ஒரே மரத்து விதை என்றால் நாளைக்கு ஒரே நோயில் எல்லாம் போகும். வேம்பு, இலுப்பை, நாவல் விதைகளைச் சேமித்து வைக்க முடியாது, பழுத்த சில நாட்களிலேயே ஊன்ற வேண்டும். கொன்றை, உசிலை போன்ற கடினமான விதைகளை வெந்நீரில் போட்டு இரவு முழுக்க ஊறவைத்து ஊன்றுங்கள். ஆல், அத்தி, கிளுவை, பூவரசு ஆகியவற்றைப் போத்தாகவே நடலாம். ஆள் உயரப் போத்து ஆட்டுக்கு எட்டாது. ஆலும் அத்தியும் காய்த்துவிட்டால் குயிலும் மாங்குயிலும் வந்து மற்ற விதைகளைத் தாமே கொண்டுவரும்.

உசிலை, ஆத்தி, வெள்வேலம் போன்ற வெயில் தாங்கிகளை முதலில் நிறுத்துங்கள். வீரை, உலக்கைப் பாலை போன்ற மெதுவாக வளரும் மரங்களை அவற்றின் நிழலில் பிறகு கொண்டுவாருங்கள். சூரை, காரை முள்புதர்களை வெட்டிவிட வேண்டாம். அவற்றின் அடியில் வைத்த கன்றுக்கு வேறு வேலி தேவைப்படாது. எளிதில் வளர்கிறது என்று ஒரே அயல்மரத்தை நிரப்பாதீர்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது, ஆரோவில்லில் தொடக்கத்தில் நிழலுக்காக நட்ட ஆஸ்திரேலிய அகேசியா மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. உள்ளூர் மரங்கள் பெரும்பாலும் நின்றன.

நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கன்றுக்குத் தண்ணீரைக் குறைத்து வெயிலில் வையுங்கள். ஒன்றரை அடிக் குழி போதும். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, தொழுவுரத்தோடு கலந்து அதையே வேருக்குப் பக்கத்தில் போடுங்கள். சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் சிறு வரப்பு கட்டினால் மேலிருந்து வரும் நீர் கன்றடியில் நிற்கும். சருகோ வைக்கோலோ மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டாமல். பாலித்தீன் பைகளை எண்ணி எடுத்து வந்துவிடுங்கள்.

8. மூன்று ஆண்டுக் காவலுக்குப் பணம் வையுங்கள்

நடவுக்கு நன்கொடை எளிதில் கிடைக்கும். காவலுக்குக் கிடைக்காது. ஆகவே கையிலுள்ள பணத்தில் பாதியை நடவுக்குப் பிந்திய மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் எத்தனை ஏக்கர் முடியுமோ அத்தனை மட்டும் எடுங்கள். ஊரைச் சேர்ந்த இருவருக்கு மாதச் சம்பளத்தில் காவல் வேலை கொடுங்கள். தை பிறந்ததும் தீத்தடுப்புக் கோடு போடுங்கள். கன்றைச் சுற்றிக் களை எடுங்கள். செத்த கன்றுக்குப் பதில் அடுத்த மழைக்கு மறுநடவு செய்யுங்கள், ஆனால் எதனால் செத்தது என்று பார்த்த பிறகு.

9. சரியானவற்றை எண்ணுங்கள்

எத்தனை கன்று நட்டோம் என்பது செலவுக் கணக்கு. விளைவை அறிய வேறு எண்கள் வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிவில் எத்தனை உயிரோடு இருக்கின்றன? நீங்கள் நடாத எந்தெந்தச் செடிகள் தாமாக முளைத்திருக்கின்றன? அடிவாரக் கிணற்றில் மாசி மாதத்தில் எத்தனை அடி தண்ணீர்? எத்தனை சுமை புல் ஊருக்கு வந்தது, அதில் நிலமில்லாத வீடுகளுக்கு எவ்வளவு? ஒரே இடத்தில் நின்று, ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இந்தக் கணக்கை எல்லோர் முன்னும் வாசியுங்கள். பங்கு குறைந்த குடும்பம் எது என்று தெரிந்தால்தான் அடுத்த ஆண்டு உடன்பாட்டைத் திருத்த முடியும்.

ஓராண்டு வேலை

- மாசி, பங்குனி: நிலத்தை நடந்து பார்த்தல், கட்டைகளைக் குறித்தல், கொன்றை நெற்று சேகரித்தல்.
- சித்திரை, வைகாசி: வீடு வீடாகப் பேச்சு, உடன்பாடு, மண்வேலை தொடக்கம்.
- ஆனி, ஆடி: வேம்பு, நாவல், இலுப்பை விதை, நாற்றங்கால். இந்த நாற்றுகளை அடுத்த ஆண்டு நடலாம்.
- ஆவணி, புரட்டாசி: வரப்பை முடித்தல், குழி வெட்டுதல்.
- ஐப்பசி: மண் நன்றாக நனைந்தபின் நடவு. தென்மேற்குப் பருவமழை பெறும் மலைப்பகுதிகளில் நடவு ஆனியிலேயே.
- மார்கழி, தை: மூடாக்கு, களையெடுப்பு, தீத்தடுப்புக் கோடு.

பசுமைத் தமிழகம் இயக்கம் 2022-இல் தொடங்கியது. மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்துவது அதன் இலக்கு. அரசு நாற்றங்கால்களில் கன்று கிடைக்கிறது. அதைக் காக்கும் உடன்பாட்டை மட்டும் ஊர்தான் உண்டாக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்து வரும் கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள்: ஐந்து ஏக்கர் நிலம், மூன்று ஆண்டு மூடல், அறுத்துச் செல்லும் புல்லில் எல்லா வீட்டுக்கும் சம பங்கு. அந்தத் தீர்மானத்தில் ஆட்டுக்காரர்களின் கையெழுத்து விழுந்த பிறகு நாற்றங்காலுக்குப் போங்கள்.